பழைய சவரக்கத்தியின் வளைந்த கொம்புப்பிடியை நிமிர்த்துவது எப்படி?

பழைய சவரக்கத்தி ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது அலகைத்தான். துரு எவ்வளவு, கூரில் பல் விழுந்திருக்கிறதா, சாணைக்கல்லில் தேறுமா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பிடியை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் மடக்கும்போது கூர் பிடியின் உள்பக்கத்தில் உரசினால், எவ்வளவு அருமையாகத் தீட்டி வைத்திருந்தாலும் அது அன்றோடு சரி. மடக்கும் ஒவ்வொரு தடவையும் கூர் கொஞ்சம் மழுங்கும், கொம்பிலும் ஒரு கீறல் விழும். அதனால் இந்த வகைக் கத்தியைச் சரிசெய்ய உட்காரும் யாரும் தீட்டுவதற்கு முன்னால் பிடியை நேராக்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மதுரைப் பக்கம் இந்தக் கத்திகள் இன்னும் கிடைக்கின்றன. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கும், மூடிவிட்ட சலூனின் மேசை டிராயரில் இருக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பொறுமையாகத் துழாவினாலும் தட்டுப்படும். பெரும்பாலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, இல்லையென்றால் ஜெர்மனியின் சோலிங்கன். ஷெஃபீல்டு ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியின் கத்தி என்றால் கழுத்தில், அதாவது அலகு பிடியோடு சேரும் இடத்தில், ஒரு நட்சத்திரமும் மால்டா சிலுவையும் பொறித்திருக்கும்.

முதலில், அது கொம்புதானா?

இதைத் தெரிந்துகொள்ளாமல் சூடு காட்டவே கூடாது. பிடிகள் எருமை, மாட்டுக் கொம்பில் மட்டும் வரவில்லை. 1870 வாக்கில் செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக் வந்தபிறகு, கொம்பைப் போலவே வரி ஓடும் செல்லுலாய்டுப் பிடிகள் ஏராளமாக வந்தன. செல்லுலாய்டு குப்பென்று தீப்பிடிக்கும் பொருள். கொம்பு என்று நினைத்து அதன்மேல் சூட்டுக்காற்றைக் காட்டினால் கையில் தீதான் மிஞ்சும்.

பிடியை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வெளிர் நிறக் கொம்பு என்றால் தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும். உள்ளே நீளவாக்கில் இழைகள் தெரியும், ஓரங்களில் ஏடு ஏடாக அடுக்கு தெரியும். இழைகள் ஒரே சீராக இருக்காது. கறுப்பு எருமைக் கொம்பில் ஒளி போகாது. அதற்குப் பிடியின் பக்கவாட்டு விளிம்பைப் பார்க்க வேண்டும். பூச்சி அரித்த குழிகள் இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது கொம்புதான். அந்தப் பூச்சிகள் செல்லுலாய்டைத் தொடாது. விரலால் வேகமாகத் தேய்த்துச் சூடாக்கி முகர்ந்தால் செல்லுலாய்டில் கற்பூர வாடை வரும். சூட்டுக்கோலை வைத்துக் கருகல் வாடை பார்க்கச் சொல்லும் யோசனையை மட்டும் ஏற்காதீர்கள். கொம்பென்றால் முடி கருகும் வாடை வரும் என்பது உண்மைதான். செல்லுலாய்டாக இருந்தால் என்ன நடக்கும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

காலத்தைக் கணக்கிட ஒரு குறிப்பு உதவும். 1891க்குப் பிறகு அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. அதன்பின் ஷெஃபீல்டுக் கத்திகளில் இங்கிலாந்து என்ற பெயரும் சேர்ந்து பொறிக்கப்படுவது பரவியது. ஊர்ப்பெயர் மட்டும் இருந்து நாட்டின் பெயர் இல்லையென்றால் கத்தி அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். பிடி கொம்பாக இருக்கும் வாய்ப்பும் அப்படியே.

பிடி வெள்ளையாக இருந்து, குறுக்கும் நெடுக்குமாக வலைபோல் மெல்லிய கோடுகள் ஓடினால் அது யானைத் தந்தமாக இருக்கலாம். தந்தமும் கடலாமை ஓடும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. அப்படிப்பட்டதை விலைபேசி வாங்காதீர்கள்.

கொம்பு ஏன் வளைகிறது

கொம்பும் நம் நகமும் தலைமுடியும் ஒரே கெராட்டின்தான். குளித்து முடித்த கையோடு நகம் வெட்டினால் எவ்வளவு எளிதாக வெட்டுப்படுகிறது! தண்ணீரும் சூடும் சேர்ந்தால் கெராட்டின் இழைகளுக்கு இடையிலுள்ள பிணைப்புகளில் ஒரு பகுதி தளர்கிறது. ஆறிக் காய்ந்ததும் அப்போது எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்திலேயே மீண்டும் இறுகுகிறது. பிடி வளைந்ததும் இப்படித்தான், நாம் அதை நிமிர்த்தப் போவதும் இப்படித்தான்.

நம் ஊர் வானிலை இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. மே மாத அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி வெயிலில் கொம்பு ஈரம் வற்றிச் சுருங்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்ததும் ஈரத்தை வாங்கி உப்பும். கத்தி பெட்டிக்குள் ஒரு பக்கமாகக் கிடந்தால் மேல்பக்கம் ஒரு மாதிரியும் அடிப்பக்கம் வேறு மாதிரியும் காயும். இப்படிப் பல வருஷம் ஓடினால், பிடியின் இரண்டு பக்கமும் இருக்கும் கொம்புப் பட்டைகளில் எதுவும் கோணும். செல்லூரில் சலூன் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், "வெயில் காலத்துல பிடி சுருங்கிரும் தம்பி, எங்கப்பா விளக்கெண்ணெயத் தொட்டுத் துடைச்சுத்தான் வைப்பாரு" என்றார். தொழிலில் இருந்தவர்களுக்கு இது பழகிப்போன விஷயம்.

கோணல் எங்கே இருக்கிறது?

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். கூர் ஒரு பக்கம் உரசுகிறது என்பதாலேயே அந்தப் பக்கத்துப் பட்டை வளைந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. அதே அடையாளத்துக்கு நான்கு காரணம் இருக்கலாம்.

முதலில் கூரின்மேல் மின்சார டேப் ஒன்றை நீளவாக்கில் மடித்து ஒட்டுங்கள். வேலை முடியும்வரை அது அங்கேயே இருக்கட்டும். இப்போது அலகை முழுதும் திறந்து நேராக நீட்டுங்கள். பிடியின் வால் முனையை, அதாவது அலகு மாட்டியிருக்கும் முனைக்கு எதிர் முனையை, கண்ணுக்கு அருகே வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தச்சர் பலகையின் நேர் பார்ப்பதுபோல் இரண்டு பட்டைகளின் ஓரத்தையும் பாருங்கள். ஜன்னல் கம்பியையோ கதவு நிலையையோ பின்னணியாக வைத்துக்கொண்டால் சின்ன வளைவும் தெரியும்.

இரண்டு பட்டையும் நேராக இருந்தும் கூர் உரசினால், கழுத்தில் இருக்கும் ஆணியைச் சந்தேகியுங்கள். அலகை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் லொடலொடவென்று ஆடும். ஆணியின் தலையைச் சின்னச் சுத்தியலால் இரண்டு பக்கமும் மாறிமாறி மெதுவாகத் தட்டி இறுக்கினாலே சரியாகிவிடும். கொம்பைத் தொட வேண்டியதில்லை.

ஆணி இறுக்கமாக இருந்தால் வாலில் உள்ள ஆப்பைப் பாருங்கள். இரண்டு பட்டைக்கும் நடுவில் ஈயத்திலோ கொம்பிலோ மரத்திலோ ஒரு சின்ன ஆப்பு இருக்கும். அது ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் பட்டைகளைக் கோணலாகத் தள்ளும். மூன்றாவது, அலகே கழுத்தில் கோணியிருப்பது. கையால் அடித்துச் செய்த பழைய கத்திகளில் இது சகஜம். இதை நிமிர்த்தப் போய் அலகை உடைத்துவிடாதீர்கள். ஆப்பை மெல்லச் சரித்து ஈடுகட்டலாம்.

இவை எல்லாம் இல்லையென்றால்தான் வளைந்தது கொம்பு. அதிலும் எந்த வளைவு என்று பாருங்கள். ஒரு பட்டை மட்டும் உள்ளே குழிந்திருப்பது ஒரு வகை. இரண்டு பட்டையும் சேர்ந்து ஒரே பக்கமாக வளைந்திருப்பது இன்னொன்று. மூன்றாவது வகை முறுக்கு: பட்டையை மேசைமேல் வைத்தால் எதிரெதிர் மூலைகள் மட்டும் தொட்டு நின்று ஆடும். இது கொஞ்சம் தொல்லை பிடித்தது. எது என்று ஒரு தாளில் வரைந்து, எந்தப் பக்கம் எவ்வளவு தள்ள வேண்டும் என்று அம்புக்குறி போட்டு வையுங்கள். சூடான பட்டை கையில் இருக்கும்போது எந்தப் பக்கம் என்று யோசிக்க நேரம் இருக்காது.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். ஆப்பு நடுவில் இருப்பதால், மாட்டிய நிலையில் பட்டைகள் லேசாக வெளிப்பக்கம் புடைத்தே இருக்கும். அந்த இழுவிசைதான் அலகைத் தளராமல் பிடித்து நிறுத்துகிறது. அதைக் குறை என்று நினைத்து நிமிர்த்தாதீர்கள்.

ஆணியைக் கழற்றலாமா, வேண்டாமா?

வளைவு சிறியதாக இருந்து, பழைய ஆணியும் வாஷரும் நல்ல நிலையில் இருந்தால் கழற்றாதீர்கள். அந்தக் காலத்துச் சின்ன வாஷர்கள் போனால் அதே மாதிரி கிடைப்பது கஷ்டம். முறுக்கு இருந்தாலோ, ஆணியோரம் துரு பிடித்திருந்தாலோ, பட்டையில் விரிசல் இருந்தாலோ கழற்றித்தான் ஆக வேண்டும்.

கழற்றுவதற்கு ஆணித்தலையைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டு, ஒரு பக்கத்துத் தலையை மட்டும் மெல்லிய அரத்தால் வாஷர் மட்டத்துக்கு ராவுங்கள். மறுபக்கத்துக்கு அடியில், ஆணி இறங்க ஓட்டை போட்ட மரத்துண்டை வையுங்கள். பிறகு 1.5 மி.மீ. பஞ்ச் (ஆணியைத் தள்ளும் மெல்லிய இரும்புக்கோல்) வைத்து லேசாகத் தட்டினால் ஆணி இறங்கிவிடும். இறங்கவில்லை என்றால் பலமாக அடிக்காதீர்கள், ஓட்டையோரம் கொம்பு பிளந்துவிடும். நகை வேலைக்காரர்கள் வைத்திருக்கும் முடிபோன்ற ரம்பத்தகட்டைப் பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே விட்டு ஆணியை அறுத்து எடுக்கலாம். ஈய ஆப்பு என்றால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், தொட்ட கையைக் கழுவுங்கள்.

சாமான்களுக்கு அதிகம் அலைய வேண்டாம். மதுரை தெற்கு ஆவணி மூல வீதியைச் சுற்றி நகைத்தொழில் நடப்பதால் சின்னச் சுத்தியல், மெல்லிய அரம், பித்தளைக் கம்பி எல்லாம் அந்தப் பக்கத்திலேயே விசாரித்து வாங்கிவிடலாம். 16 கேஜ் பித்தளைக் கம்பி கேளுங்கள். அதன் கனம் 1.63 மி.மீ.; பழைய ஆணிகள் பெரும்பாலும் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 1.59 மி.மீ. கம்பியை உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்தால் ஓட்டையில் சரியாக உட்காரும். இவை போக இழைப்புளி போட்டு மட்டம் பார்த்த இரண்டு தேக்குத் துண்டுகள், மூன்று சின்ன சி-கிளாம்ப், பழைய பருத்தி வேட்டித் துணி, இடுக்கி, சமையலறை வெப்பமானி. வெப்பமானி இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம்.

வெந்நீரும் பலகையும்

சூடு காட்டுவதற்கு முன் பட்டையில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். ஆணி ஓட்டையிலிருந்து முனைவரை மெல்லிய கோடு ஓடினாலோ, ஓரத்தில் ஏடு பிரிந்திருந்தாலோ, தண்ணீராக ஓடும் ஃபெவிக்விக் போன்ற பசையை ஒரு சொட்டு விட்டு, அழுத்திப் பிடித்து, ஒரு நாள் விட்டுவிடுங்கள். விரிசலோடு வெந்நீரில் போட்டால் ஏடு இன்னும் பிரியும்.

அகலமான பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, கொதி அடங்க இரண்டு மூன்று நிமிஷம் விடுங்கள். 80 முதல் 85 டிகிரிக்குள் இருந்தால் போதும். கொதிக்கும் தண்ணீரில் போட்டு வேகவைத்தால் கொம்பின் அடுக்குகள் பிரிந்து, மேல்பரப்பு வெளுத்துப் பொருபொருத்துவிடும். பட்டையை முழுதும் மூழ்கவிட்டு மூடி போட்டு மூடுங்கள். சாதாரணப் பட்டை 2 முதல் 3 மி.மீ. கனம்தான். ஐந்து நிமிஷத்தில் எடுத்துப் பாருங்கள்.

கையுறை போட்ட விரல்களால் இரண்டு முனையையும் பிடித்து, வளைவுக்கு எதிர்ப்பக்கமாக மெல்ல அழுத்துங்கள். பதம் வந்த கொம்பு சத்தமில்லாமல் இழையும். கையை எடுத்தால் சோம்பலாகத் திரும்பும். சட்டென்று துள்ளித் திரும்பினால் இன்னும் பதம் வரவில்லை, மறுபடி வெந்நீரில் போடுங்கள். சின்னதாகக் கிறீச்சென்று சத்தம் கேட்டால் உடனே கையை எடுத்துவிடுங்கள். அது உள்ளே இழை பிரியும் சத்தம். சமையலறையில் மிக்சி ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த வேலையைச் செய்யாதீர்கள், காதும் இதில் ஒரு கருவி.

பதம் வந்ததும் தண்ணீரைத் துணியில் ஒற்றி, பட்டையின் தட்டையான உள்பக்கம் தேக்குப் பலகையில் படும்படி வையுங்கள். வெளிப்பக்கம் உருண்டு புடைத்திருக்கும். அதன்மேல் வேட்டித் துணியை நான்காக மடித்துப் போட்டு இரண்டாவது பலகையை வைத்து கிளாம்ப் போடுங்கள். நடு கிளாம்பை முதலில், பிறகு ஓரங்களை. பட்டை பலகையில் முழுக்கப் படிந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் திருகினால் ஆணி ஓட்டைகள் நசுங்கும்.

கொம்பு கொஞ்சம் பழைய வளைவுக்கே திரும்பப் பார்க்கும். அதற்கு ஈடாக நேர்க்கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் வளைத்து வைக்க வேண்டும். வெளிப்பக்கமாகப் புடைத்து வளைந்த பட்டையைப் பலகையில் வைத்தால் இரண்டு முனையும் படும், நடு தூக்கி நிற்கும். அப்படியென்றால் முனைகளுக்கு அடியில் இரண்டு விசிட்டிங் கார்டைக் கொடுங்கள். நடு கிளாம்ப் அதைக் கீழே அழுத்தி அந்தக் கூடுதல் வளைவைத் தரும். பட்டை கூரில் உரசும்படி உள்ளே குழிந்திருந்தால் நடு படும், முனைகள் தூக்கி நிற்கும்; அப்போது கார்டு நடுவில் போகும். பெரிய வளைவை ஒரே மூச்சில் எடுக்க வேண்டாம், இரண்டு மூன்று சுற்றாக எடுத்தால் கொம்பு தாங்கும்.

பலகையோடு அப்படியே நிழலில் வையுங்கள். ஆறினால் போதாது, காய வேண்டும். ஒரு முழு நாள் கட்டாயம், மழைக்காலம் என்றால் இரண்டு நாள். சூடு ஆறியதும் எடுத்துப் பார்க்கும் ஆசைதான் இந்த வேலையைக் கெடுப்பதில் முதலிடம். வெளியே காய்ந்து உள்ளே ஈரம் இருக்கும் கொம்பு, எடுத்த அன்று நேராக இருக்கும், அடுத்த நாள் காலையில் கோணி நிற்கும். கிளாம்பை எடுத்த பிறகும் பட்டையை இரண்டு நாள் சும்மா மேசையில் வைத்து, மறுபடி ஒரு கண்ணை மூடி நேர் பாருங்கள்.

முறுக்குக்குப் பலகை மட்டும் போதாது. பதம் வந்த பட்டையின் இரண்டு முனையையும் துணி சுற்றிய இடுக்கிகளால் பிடித்து, முறுக்குக்கு எதிராகத் திருகி, கை சூடு தாங்கும்வரை ஆறவிட்டு, அதன்பிறகு பலகையில் மாட்டுங்கள்.

கழற்றாமல் செய்வது

ஆணி கழற்றாத கத்தியில் அலகுக்குத் தண்ணீர் ஆகாது, அதுதான் கவலை. பழைய அலகுகள் கார்பன் எஃகு. ஈரம் பட்ட சில மணி நேரத்தில் துரு பூக்கும். வெந்நீரின் சூட்டால் அலகின் பதம், அதாவது எஃகின் கடினம், போகாது, 100 டிகிரிக்குள் எஃகுக்கு ஒன்றும் ஆகாது. துருவுக்குத்தான் பயப்பட வேண்டும். அதனால் அலகிலும் கழுத்து ஆணியிலும் தையல் மெஷின் எண்ணெய் தடவிவிட்டு, அலகைத் திறந்து நீட்டிப் பிடித்துக்கொண்டு, பட்டைகளை வாலிலிருந்து கழுத்துக்கு ஒரு விரற்கடை கீழே வரை வெந்நீரில் இறக்குங்கள். பதம் வந்ததும் இரண்டு பட்டைக்கும் நடுவில் ஐஸ் குச்சியைத் தேவையான இடத்தில் செருகி, குழிந்த பட்டையை வெளியே தள்ளி, ஆறும்வரை கையிலேயே பிடித்திருங்கள். இரண்டும் ஒரே பக்கம் வளைந்திருந்தால் ஜோடியாகவே எதிர்ப்பக்கம் வளைத்துப் பிடிக்கலாம். முடிந்ததும் ஹேர் டிரையரில் ஆணியோரத்தை இளஞ்சூட்டில் காயவைத்து, மறுபடி ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

வெந்நீருக்குப் பதில் ஹீட் கன் பிடித்தால் வேகமாக வேலை முடியும் என்பார்கள். முடியும்தான். ஆனால் அதிலிருந்து வரும் காற்று 300 டிகிரிக்கு மேல் போகும். ஒரே இடத்தில் சில விநாடி நின்றாலே கொம்பு கொப்புளித்துக் கருகும். அந்தச் சூடு அலகில் பட்டால் அதன் பதமும் போகும். புதியவர்களுக்கு வெந்நீர்தான் சரி.

மெருகும் மாட்டுவதும்

வெந்நீரில் போட்ட கொம்பு சாம்பல் பூத்ததுபோல் மங்கியிருக்கும். பயப்படாதீர்கள். 400 நம்பர் வாட்டர் பேப்பரில் தொடங்கி 600, 1000, 2000 என்று தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் பழைய ஆழமான நிறம் திரும்பும். உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். கொம்புத்தூள் நுரையீரலுக்கு நல்லதல்ல, மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். பூச்சிக்குழி இருந்தால் தேய்த்த தூளையே காயவைத்துக் குழியில் நிரப்பி, மேலே ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டு, இறுகிய பின் மட்டமாகத் தேய்த்துவிடலாம்.

மாட்டும்போது உடனே ஆணியை அடிக்காதீர்கள். ஓட்டைகளில் கம்பித்துண்டைச் சும்மா செருகி, அலகை மடக்கிப் பாருங்கள். கூர் நடுவில் இறங்குகிறதா? ஒரு பக்கம் சாய்ந்தால் ஆப்பை அந்தப் பக்கத்துக்கு ஏற்ப உப்புத்தாளில் ஒரு மயிரளவு தேய்க்கலாம், கொம்பு, மர ஆப்பு என்றால் மட்டும். ஈய ஆப்பாக இருந்தால் அதற்குப் பதிலாக மரத்தில் புதிதாக ஒன்று செதுக்கிக்கொள்ளுங்கள். நடுவில் இறங்கிய பிறகு வாஷரை மாட்டி, கம்பியை இரண்டு பக்கமும் அதன் கனத்தில் பாதியளவுக்குக் குறைவாக நீட்டி வெட்டி, தலையை உருட்டுங்கள். நகை வேலைக்காரர்கள் தட்டுவதுபோல், சுத்தியலின் சொந்தக் கனம் மட்டும் விழும்படி நிறையத் தட்டுகள், நாலு தட்டுக்கு ஒரு தடவை திருப்பிப் போட்டு. வால் ஆணியை முதலில் முடித்துவிட்டு, கழுத்து ஆணியை அலகை அடிக்கடி திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே இறுக்குங்கள். அலகு தன் எடையில் தானாக விழக்கூடாது, விரலால் தள்ளினால் தடையில்லாமல் திரும்ப வேண்டும். அந்த நிலையில் நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக விளக்கெண்ணெயோ மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினோ மெல்லிசாகத் தடவி, ஒரு இரவு விட்டுத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வளைவை நிமிர்த்தாது. ஈரம் சட்டென்று ஏறி இறங்காமல் தடுக்கும். கோடையில் மாதம் ஒரு தடவை போதும். மொட்டை மாடி அறையிலோ, வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டியிலோ கத்தியை வைக்காதீர்கள். பருவமழை முடிந்ததும் டிசம்பர் வாக்கில் ஒரு தடவை மடக்கிப் பாருங்கள். லேசாகத் திரும்பியிருந்தால் ஆணியைத் தொடாமல் ஐஸ் குச்சி வைத்து ஒரு வெந்நீர்ச் சுற்று கொடுத்தால் சரியாகிவிடும்.